கடைசி இருக்கையில் சுமாரான கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது போக்கரின் நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் (இதுதான் கை), நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃப்ளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). 6 அல்லது 9 பேர் மேசை, எல்லோரிடமும் ஏறக்குறைய 100 பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே ஒருவர் போட்டாக வேண்டிய தொகை; அவருக்கு முந்தையவர் போடும் பாதித் தொகை ஸ்மால் பிளைண்ட்; அந்த இருவரையும் இதே பெயர்களில் சொல்வோம்) அளவுக்குச் சிப்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறு அளவு வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். "2.5 பிளைண்ட்" என்று அளவாகச் சொன்னால் அது பிக் பிளைண்டைக் குறிக்கும்.

சுமாரான கை என்றால் எது?

ஏஸ்-ஏஸ், கிங்-கிங், ஏஸ்-கிங் வந்தால் எந்த இருக்கையில் இருந்தாலும் ஆடலாம். 7-2, 9-3 வந்தால் எங்கிருந்தாலும் ஆடாமல் விட்டுவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது: ஏஸ்-5, கிங்-9, குயின்-8, 7-6, 2-2 முதல் 5-5 வரையிலான சின்ன ஜோடிகள். இவற்றை முதல் இருக்கையில் ஆடினால் நஷ்டம், கடைசி இருக்கையில் ஆடினால் கொஞ்சம் லாபம். அதனால்தான் சுமாரான கை என்கிறோம்.

ஒரு கணக்கை இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டுகள் மொத்தம் 1,326 விதமாக வரலாம். ஒவ்வொரு ஜோடியும் 6 விதமாக வரும். சூட்டட் கை, அதாவது இரண்டும் ஸ்பேடு அல்லது இரண்டும் ஹார்ட் என ஒரே வகைச் சீட்டாக இருப்பது, 4 விதமாக வரும். ஆஃப்சூட் கை 12 விதமாக வரும். ஆகவே "10-7 சூட்டட்டையும் ஆடுவேன்" என்று முடிவெடுத்தால் 4 விதம்தான் கூடுகிறது. "கிங்-7 ஆஃப்சூட்டையும் ஆடுவேன்" என்றால் 12 விதம் கூடிவிடும். புதிதாக ஆடுபவர்கள் தேவைக்கு அதிகமாக ஆடுவதற்குப் பெரும்பாலும் இந்த ஆஃப்சூட் கைகள்தான் காரணம்.

கடைசி இருக்கை என்று எவற்றைச் சொல்கிறோம்?

பட்டன் (சீட்டு பங்கிடுபவரின் இருக்கை; ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவது, அதாவது முடிவெடுப்பது, இவர்தான்), அதற்கு வலப்பக்கம் உள்ள கட்-ஆஃப். இந்த இரண்டும்தான். கட்-ஆஃபுக்கும் முந்தைய ஹைஜாக்கைச் சிலர் சேர்ப்பார்கள். அங்கே இன்னும் நான்கு பேர் பின்னால் இருப்பதால் அதைப் பாதி நடு இருக்கையாகவே கருதுவது நல்லது.

ஸ்மால் பிளைண்டைப் பலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள். ஃப்ளாப்புக்கு முன் அது கடைசிக்கு முந்தைய இருக்கைதான், ஆனால் ஃப்ளாப் விழுந்த பிறகு முதலில் பேச வேண்டியவர் அவர்தான். கீழே சொல்வது எதுவும் ஸ்மால் பிளைண்டுக்குப் பொருந்தாது.

சுமாரான கை அங்கே மட்டும் ஏன் லாபம் தருகிறது? சீட்டு ஒன்றுதானே?

முதல் காரணம், பின்னால் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. ஒருவரிடம் மேல்தர 10% கை இல்லாமல் இருக்க வாய்ப்பு 90%. 9 பேர் மேசையில் முதலில் பேசுபவருக்குப் பின்னால் எட்டுப் பேர். எட்டுப் பேரிடமும் அப்படிப்பட்ட கை இல்லாமல் இருக்க வாய்ப்பு 43% தான். கட்-ஆஃபுக்குப் பின்னால் மூன்று பேர், 73%. பட்டனுக்குப் பின்னால் இரண்டே பேர், 81%. (கையிலுள்ள சீட்டுகளின் தாக்கத்தை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது.)

இரண்டாவது காரணம், ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் எதிராளி என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் பேசுகிறீர்கள். அவர் செக் செய்தால் (பணம் போடாமல் முறையைக் கடத்தினால்) நீங்களும் செக் செய்து அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். பாட் (நடுவில் சேரும் பணம்) சிறியதாக இருக்க வேண்டுமா, பெரியதாக வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். நடுத்தர ஜோடி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இரண்டு காரணங்களிலும் உங்கள் சீட்டின் பங்கு கொஞ்சம்தான் என்பதைக் கவனியுங்கள். லாபம் இருக்கையிலிருந்து வருகிறது. இதை மறந்து சீட்டையே நம்பத் தொடங்கும் இடத்தில்தான் பணம் போகிறது.

எல்லோரும் ஃபோல்ட் செய்து (கையை விட்டுவிட்டு) என்னிடம் வந்தால் எவ்வளவு ரெய்ஸ் செய்வது (தொகையை உயர்த்துவது)?

2 முதல் 2.5 பிளைண்ட். பாட்டில் கிடப்பது ஸ்மால் பிளைண்டின் 0.5, பிக் பிளைண்டின் 1, ஆக 1.5. அதை எடுக்க 2.5 போடுகிறீர்கள் என்றால், இருவரும் 62.5% தடவை ஃபோல்ட் செய்தால் எந்தச் சீட்டாக இருந்தாலும் நஷ்டமில்லை (2.5-ஐ 4-ஆல் வகுத்தால் வருவது). 2 பிளைண்ட் போட்டால் 57% போதும். 3 போட்டால் 67% வேண்டும். பழைய பழக்கத்தில் 3 போடுபவர்கள் சுமாரான கைகளுக்குத் தேவையில்லாமல் அதிக விலை கொடுக்கிறார்கள்.

நடைமுறையில் இருவரும் 62% தடவை ஃபோல்ட் செய்வது அரிது. அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. 100 தடவையில் 40 தடவைதான் இருவரும் ஃபோல்ட் செய்கிறார்கள் என்று வைப்போம். அந்த 40-இல் தலா 1.5 வீதம் 60 பிளைண்ட் வந்துவிடுகிறது. மீதி 60 தடவையில் சராசரியாகத் தலா 1 பிளைண்ட் இழந்தாலும் கணக்கு சமம். அதாவது போட்ட 2.5-இல் 1.5-ஐ மீட்டால் போதும். கடைசியாகப் பேசும் வசதியோடு கிங்-9-ஆல் அதைச் செய்ய முடியும், 9-3-ஆல் முடியாது. நல்ல கைக்கும் சுமாரான கைக்கும் ஒரே அளவில்தான் ரெய்ஸ் செய்ய வேண்டும். இல்லையென்றால் நாலு சுற்றில் உங்கள் அளவைப் பார்த்தே கையைச் சொல்லிவிடுவார்கள்.

எந்தெந்தக் கைகள்? பட்டியல் தர முடியுமா?

முன்னால் எல்லோரும் ஃபோல்ட் செய்திருந்தால் மட்டும் பொருந்தும் பட்டியல் இது.

கட்-ஆஃபில்: எல்லா ஜோடிகளும், எல்லா ஏஸ் சூட்டட்டும். சூட்டட்டில் கிங்-9, குயின்-9, ஜாக்-9 முதல் மேலே. 10-9, 10-8, 9-8, 8-7, 7-6, 6-5. ஆஃப்சூட்டில் ஏஸ்-9 முதல் மேலே, கிங்-10 முதல் மேலே, குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10. எண்ணிப் பார்த்தால் 318 விதம், அதாவது 24%.

பட்டனில் இன்னும் விரிக்கலாம். எல்லா ஜோடிகளும்; சூட்டட்டில் எல்லா ஏஸ், எல்லா கிங், குயின்-5, ஜாக்-7, 10-7 முதல் மேலே; 9-8, 9-7, 8-7, 8-6, 7-6, 7-5, 6-5, 6-4, 5-4. ஆஃப்சூட்டில் எல்லா ஏஸ், கிங்-8, குயின்-9, ஜாக்-9 முதல் மேலே, 10-9, 9-8. மொத்தம் 550 விதம், 41.5%.

இதை மனப்பாடம் செய்யும்போது ஓரத்தில் இருக்கும் கைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஏஸ்-2 ஆஃப்சூட், கிங்-8 ஆஃப்சூட், 9-8 ஆஃப்சூட், 6-4 சூட்டட், குயின்-5 சூட்டட். பிளைண்டில் இருப்பவர்கள் கடினமாக ஆடினால் முதலில் வெட்ட வேண்டியவை இவைதான். ரேக் (ஆட்டம் நடத்துபவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) அதிகமான மேசையிலும் இவற்றை விட்டுவிடலாம். ஃப்ளாப் விழாமல் முடியும் பாட்டில் பல இடங்களில் ரேக் எடுப்பதில்லை, ஃப்ளாப் பார்த்தால் எடுப்பார்கள். ஓரத்துக் கைகளின் மெல்லிய லாபம் அங்கே கரைந்துவிடும்.

ரெய்ஸுக்குப் பதில் வெறுமனே 1 பிளைண்ட் போட்டு ஃப்ளாப் பார்த்தால் என்ன?

வேண்டாம். இந்தக் கைகளின் வருமானத்தில் பெரும் பகுதி எதிராளி ஃபோல்ட் செய்வதிலிருந்து வருகிறது. இப்படி 1 பிளைண்ட் மட்டும் போட்டு லிம்ப் செய்தால் யாரும் ஃபோல்ட் செய்யப் போவதில்லை. பிக் பிளைண்டுக்கு 7-2-ஓடுகூட இலவசமாக ஃப்ளாப் காட்டுகிறீர்கள்.

எனக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்துவிட்டார். பட்டனில்தானே இருக்கிறேன், கால் செய்யலாமா (அதே தொகையைப் போட்டு உள்ளே போகலாமா)?

அதிகப் பணம் போகும் இடம் இதுதான். மேலே தந்த பட்டியல் முதல் ரெய்ஸ் செய்பவருக்கானது. ரெய்ஸ் வந்த பிறகு அந்தப் பட்டியலை எடுத்து வைத்துவிட வேண்டும்.

கிங்-ஜாக் ஆஃப்சூட்டை எடுத்துக்கொள்வோம். 9 பேர் மேசையில் முதல் இருக்கைக்காரர் ரெய்ஸ் செய்கிறார். உங்கள் கையில் ஒரு கிங்கும் ஒரு ஜாக்கும் இருப்பதைக் கழித்துவிட்டு எண்ணினால், அவரிடம் ஏஸ்-கிங் 12 விதமாகவும், கிங்-குயின் 12 விதமாகவும், ஏஸ்-ஜாக் 12 விதமாகவும் இருக்கலாம். ஏஸ், குயின் ஜோடிகள் தலா 6. கிங், ஜாக் ஜோடிகள் தலா 3. இவை எல்லாவற்றிலும் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். ஏஸ்-கிங்கிடம் மாட்டினால் வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அதைவிடக் கெட்டது, ஃப்ளாப்பில் கிங் விழுந்தால் உங்களுக்கு நல்ல செய்தி போலத் தெரியும், அப்போதுதான் பெரிய தொகை போகும். ஏஸ்-கிங்குக்கு எதிராக 7-6 சூட்டட் சுமார் 40% வெல்லும். பார்வைக்கு அழகான கிங்-ஜாக்கைவிட 7-6 மேல், காரணம் அதன் சீட்டுகள் எதிராளியின் சீட்டுகளோடு மோதுவதில்லை.

ஆகவே முதல் இருக்கை ரெய்ஸுக்கு எதிராக கிங்-ஜாக், கிங்-10, குயின்-ஜாக், ஏஸ்-10 என ஆஃப்சூட்டாக வந்தவை எல்லாம் ஃபோல்ட். சின்ன ஜோடிக்கு வேறு கணக்கு. ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு விழ வாய்ப்பு 11.8%, ஏறக்குறைய எட்டரைத் தடவைக்கு ஒருமுறை. விழுந்தாலும் ஒவ்வொரு தடவையும் எதிராளியின் சிப்கள் முழுக்க வராது. எனவே கால் செய்யும் தொகையைப்போல் 15 முதல் 20 மடங்கு இருவரிடமும் மிச்சம் இருந்தால் கால், இல்லையென்றால் ஃபோல்ட்.

ரெய்ஸ் செய்தவர் கட்-ஆஃபில் இருந்தால் நிலைமை மாறுகிறது. அவருடைய கைகளும் சுமாரானவைதான். நடுத்தர ஜோடிகள், கிங்-குயின், குயின்-ஜாக், ஜாக்-10 சூட்டட் ஆகியவற்றைக் கால் செய்யலாம். ஏஸ்-5, ஏஸ்-4 சூட்டட்டை எடுத்து அவருடைய ரெய்ஸைப்போல் 3 மடங்கு 3-பெட் (ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ்) போடலாம். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி 6 விதத்திலிருந்து 3 விதமாகக் குறைகிறது. கிங்-9 ஆஃப்சூட்டை இங்கேயும் கால் செய்ய வேண்டாம்.

முன்னால் இரண்டு பேர் லிம்ப் செய்திருக்கிறார்கள். இப்போது?

கை நன்றாக இருந்தால் (ஏஸ்-10, கிங்-குயின், 8-8 போன்றவை) 3 பிளைண்டோடு லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் 1 சேர்த்து ரெய்ஸ் செய்யுங்கள், இரண்டு பேருக்கு 5. வீட்டு ஆட்டங்களில் யாரும் எளிதில் ஃபோல்ட் செய்ய மாட்டார்கள், அங்கே இன்னும் ஒன்று கூட்டலாம். சின்ன ஜோடி, 8-7 சூட்டட், ஏஸ்-4 சூட்டட் இருந்தால் நீங்களும் 1 பிளைண்ட் போட்டு உள்ளே போகலாம். லிம்புக்கு நாங்கள் சம்மதிக்கும் ஒரே இடம் இதுதான், பெரிய கையாக மாறக்கூடிய சீட்டுகளுக்கு மட்டும். கிங்-8 ஆஃப்சூட், குயின்-9 ஆஃப்சூட் இங்கே பயன்படாது. நான்கு பேர் பார்க்கும் ஃப்ளாப்பில் ஒற்றை ஜோடி பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான் முடியும்.

நான் ரெய்ஸ் செய்தேன், பிக் பிளைண்ட் 10 பிளைண்ட்டுக்கு 3-பெட் போட்டுவிட்டார். விடுவதா?

பெரும்பாலும் விட வேண்டியதுதான். பாட்டில் அவருடைய 10, உங்கள் 2.5, ஸ்மால் பிளைண்டின் 0.5, ஆக 13 இருக்கிறது. நீங்கள் இன்னும் 7.5 போட வேண்டும். 7.5-ஐ 20.5-ஆல் வகுத்தால் 36.6%. ஏஸ்-6 ஆஃப்சூட், கிங்-9, 9-8 ஆஃப்சூட், குயின்-6 சூட்டட் இதைத் தாங்காது. கடைசியாகப் பேசும் வசதி இருப்பதால் ஜாக்-10, 10-9, 9-8 சூட்டட், 7-7 முதல் 10-10, கிங்-குயின் சூட்டட் ஆகியவற்றைக் கால் செய்யலாம். "போட்ட 2.5 வீணாகிறதே" என்ற எண்ணம் வரும். அந்த 2.5 உங்களுடையது அல்ல, பாட்டில் விழுந்தபோதே போய்விட்டது.

ஃப்ளாப் விழுந்தது. என்ன செய்ய வேண்டும்?

பிக் பிளைண்ட் மட்டும் கால் செய்திருந்தால் பாட் 5.5. ஜோடியில்லாத எந்தக் கையும் ஃப்ளாப்பில் ஜோடியாவது சேர்ப்பது மூன்றில் ஒரு தடவைதான். உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் அப்படித்தான். ஆகவே அவர் செக் செய்தால், பாட்டில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.8 பிளைண்ட் பெட் போடுவது மலிவான ஆயுதம். அவர் நான்கில் ஒரு தடவை ஃபோல்ட் செய்தாலே போட்ட பணம் வந்துவிடும்.

எல்லா ஃப்ளாப்பிலும் இதைச் செய்ய வேண்டாம். கிங்-7-2, ஏஸ்-8-3 என்று பெரிய சீட்டு ஒன்றும் தொடர்பில்லாத சின்னச் சீட்டு இரண்டும் விழுந்தால் போடுங்கள். பெரிய கிங், பெரிய ஏஸ் எல்லாம் ரெய்ஸ் செய்த உங்களிடம் இருக்கவே அதிக வாய்ப்பு, அது அவருக்கும் தெரியும். 8-7-6, 9-7-5 என்று, அதிலும் இரண்டு ஒரே சூட்டாக விழுந்தால், அது பிக் பிளைண்ட் வைத்திருக்கும் சீட்டுகளின் வீடு. கையில் ஒன்றுமில்லாவிட்டால் நீங்களும் செக் செய்து இலவசச் சீட்டைப் பாருங்கள்.

ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே சூட்டில் ஐந்து சீட்டுகள்) ஒரு சீட்டு குறைவு என்றால் 9 சீட்டுகள் உதவும். அடுத்த சீட்டில் விழ 19%, இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் 35%. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டுகள்) 8 சீட்டுகள், 17%, 31.5%. பெட் போட்டால் இரண்டு வழியில் வெல்லலாம், அவர் ஃபோல்ட் செய்வார் அல்லது சீட்டு விழும். 6-5 சூட்டட் போன்ற கையில் ஃப்ளஷ் சேர்ந்த பிறகும் பெரிய ரெய்ஸ் வந்தால் யோசியுங்கள். சின்ன ஃப்ளஷ்ஷைப் பெரிய ஃப்ளஷ் விழுங்கும்.

ஜோடி சேர்ந்தால்தான் அதிகம் இழக்கிறேன். ஏன்?

பட்டனில் கிங்-9-ஓடு ரெய்ஸ் செய்தீர்கள். ஃப்ளாப் கிங்-8-5. மேல் ஜோடி. ஒவ்வொரு தெருவிலும் (ஃப்ளாப், டர்ன், ரிவர் என்ற ஒவ்வொரு கட்டத்திலும்) பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு போடுகிறீர்கள்: 3.7, பிறகு 8.6, பிறகு 20. ஃப்ளாப்புக்கு முன் போட்ட 2.5-ஐச் சேர்த்தால் 34.8 பிளைண்ட் உள்ளே போய்விட்டது. மூன்று தெருவும் கால் செய்துகொண்டே வந்தவர் கிங்-10 அல்லது இரண்டு ஜோடியைக் காட்டுகிறார். பிளைண்ட்டைத் திருடினால் ஒரு தடவைக்குக் கிடைப்பது 1.5. போனதை மீட்க 23 தடவைக்கு மேல் வெற்றிகரமாகத் திருட வேண்டும்.

இதற்குத் தீர்வு, சின்னத் துணைச் சீட்டோடு வரும் ஒற்றை ஜோடிக்கு மூன்று தெரு மதிப்பு கிடையாது என்று ஏற்றுக்கொள்வதுதான். இரண்டு தெரு போதும். ஃப்ளாப்பில் 1.8 போடுங்கள், கால் வந்தால் பாட் 9.1. டர்னில் அவர் செக் செய்தால் நீங்களும் செக் செய்யுங்கள். ரிவரில் அவர் அரை பாட் போட்டால் கால் செய்யுங்கள், மறுபடி செக் செய்தால் நீங்கள் சிறிதாக ஒரு பெட் போடுங்கள். பாட் சிறியதாகவே முடியும். டர்னில் செக் செய்ததைப் பலவீனம் என்று நினைத்து அவர் ரிவரில் பிளஃப் செய்யவும் (கையில் ஒன்றுமில்லாமல் பெட் போடவும்) வழி கிடைக்கும்.

ஏஸ்-4 ஆஃப்சூட்டில் ஏஸ் விழும்போதும் இதேதான். அந்தக் கையின் பலம் எதிராளியிடம் ஏஸ் இல்லாதபோது சின்னப் பாட்டை எடுப்பது. பெரிய பாட்டில் கால் செய்கிறவரிடம் பெரும்பாலும் உங்களைவிடப் பெரிய ஏஸ் இருக்கும்.

பட்டியலை எப்போது சுருக்க வேண்டும், எப்போது விரிக்கலாம்?

உங்களுக்கு இடப்பக்கம் உள்ள இரண்டு பேரைப் பாருங்கள். வேறு யாரும் இதில் முக்கியமில்லை. இருவரும் பயந்து ஃபோல்ட் செய்பவர்கள் என்றால் பட்டனில் பாதிக் கைகளைக்கூட ஆடலாம். பிக் பிளைண்ட் எதையும் விடாமல் கால் செய்பவர் என்றால் 6-4, 7-5 போன்றவற்றைக் குறைத்து, கிங்-10, ஏஸ்-9 போன்ற உயரமான சீட்டுகளை ஆடுங்கள், பிளஃப்பைக் குறையுங்கள். யாராவது அடிக்கடி 3-பெட் போடுபவர் என்றால் ஓரத்துக் கைகளை வெட்டுங்கள்.

மற்றபடி, பிளைண்டில் 12 பிளைண்ட் மட்டும் வைத்திருப்பவர் இருந்தால் கவனம். அவர் ஆல்-இன் (கையிருப்பு முழுவதையும்) போட்டால் உங்கள் 8-7 சூட்டட்டுக்குப் பிந்தைய தெருக்களே கிடையாது.

போட்டித் தொடரில் இதே பட்டியல்தானா?

பிக் பிளைண்ட் ஆன்டி (பிக் பிளைண்ட் கூடுதலாகப் போடும் 1 பிளைண்ட்) வந்த பிறகு பாட்டில் 1.5-க்குப் பதில் 2.5 கிடக்கிறது. 2 பிளைண்ட் ரெய்ஸுக்கு 44% ஃபோல்ட் போதும், அதனால் இன்னும் விரித்து ஆடலாம். ஆனால் கையிருப்பு 25, 30 பிளைண்ட்டாகக் குறையும்போது சின்னச் சூட்டட் கைகளின் மதிப்பு இறங்கும், உயரமான சீட்டுகளின் மதிப்பு ஏறும். 10 பிளைண்ட் அளவுக்கு வந்தால் சின்ன ரெய்ஸை மறந்துவிட்டு ஆல்-இன் அல்லது ஃபோல்ட். அப்போது ஏஸ்-2 ஆஃப்சூட் நல்ல கை, 6-4 சூட்டட் வேண்டாம்.

10-2 வைத்து உலகப் பட்டம் வென்றார்களே?

அமெரிக்க ஆட்டக்காரர் டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டும் போக்கர் உலகத் தொடரின் கடைசிக் கையை 10-2-ஓடுதான் வென்றார். அந்தக் கைக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவை இருவர் மட்டும் மிஞ்சிய கைகள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இருவர் ஆட்டத்தில் ஆடக்கூடிய பலவற்றை 6 பேர் மேசையில் தொடக்கூடாது.

இதைப் பழகிப் பார்க்க எங்கே ஆடுவது?

இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதற்குத் தடை விதித்தது. ஆகவே பழகுவதற்குக் காசில்லாத சிப்களையே பயன்படுத்துங்கள், கணக்கு எதுவும் மாறாது.

வீட்டில் நான்கைந்து பேர் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு முறை பட்டன் வரும்போதும் ஒரு நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: கை, எனக்கு முன் யாராவது உள்ளே வந்தார்களா, நான் செய்தது, பாட் எத்தனை பிளைண்ட்டில் முடிந்தது, லாபமா நஷ்டமா. 200 கைகள் சேர்ந்ததும், பாட் 20 பிளைண்ட்டுக்கு மேல் போனவற்றைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அவற்றில் ஒற்றை ஜோடியோடு முடிந்தவை எத்தனை, ரெய்ஸுக்கு எதிராகக் கால் செய்து நுழைந்தவை எத்தனை என்று எண்ணினால், உங்கள் பட்டியலில் எதை முதலில் வெட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.